மைனஸ் முப்பது

செத்தாப்பாக்கில் பனி கொட்டுவதாக
மூன்று வாரமாய்ச் சொல்கிறது எங்கள் கார்.

வெளியே மைனஸ் முப்பது.
பச்சை எழுத்தில், கொஞ்சமும் கூசாமல்.
வெளியே
பக்கத்து வீட்டு நோர்லியா காயப்போட்ட பள்ளிச் சீருடைகள்
அரைமணி வெயிலில் விறைத்துத் தொங்குகின்றன.

ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய வண்டி.
இன்னமும் தன் மொழியில்
சாவி திருப்பும்போதெல்லாம் ஏதோ அட்டை கேட்கிறது.
என்ன அட்டை என்று ஆறு வருடமாய்த் தெரியாது.
ஹீட்டர்கூட இருக்கு என்று விற்றவன் சொன்னபோது சிரித்தோம்,
மீனுக்கு மழைக்கோட்டு.

இப்போது கால்மாட்டில் அனல்.
இருபத்திரண்டு வை என்றால்,
ஐயோ உறைகிறார்களே என்று அடுப்பை மூட்டுகிறது.
கம்ப்ரஸரை எழுப்புவதே இல்லை.
பனியில் யாருக்கு வேண்டும் குளிர்?

ஆ சூன் பானெட்டைத் திறந்தான், மூடினான்.
"கம்ப்ரஸர் போச்சு லா. ஆயிரத்து எண்ணூறு."
புஷ்பலீலா அந்தத் தாளை நான்காய் மடித்துப் பர்ஸில் வைத்தாள்.
தொழிற்சாலையில் பதினோரு வருடம்
சர்க்கியூட் பலகைகளில் செத்த புள்ளி தேடுகிறவள்.
இரவு, காரில் உட்கார்ந்து
இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திச் சாவி திருப்பினாள்.
இப்படிக் கேட்டால் கார் தன் நோயைச் சொல்லுமாம்.
சொன்னது: பன்னிரண்டு.
"கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்கு.
முன்னாடி யாரோ இதுகிட்ட பொய் சொல்றாங்க."

என் வயிற்றில் ஏதோ புரண்டது.

ஞாயிறு. பாய் விரித்து
பம்பருக்குக் கீழே தலையை நுழைத்தாள்.
எனக்கு டார்ச் பிடிக்கும் வேலை.
"இங்க. இல்ல, இங்க. கை ஏன் ஆடுது?"
ஹாரனுக்கு இடப்பக்கம்
சுண்டைக்காய் அளவில் கறுப்பாய் ஒரு குமிழ்,
வெளிக்காற்றைத் தொட்டுப் பார்த்து
உள்ளே சேதி அனுப்புவது அதுதான் என்று
பாடம் நடத்திக்கொண்டே போனவள்
நிறுத்தினாள்.

பம்பரின் உடைந்த காதை
ஒரு வெள்ளைக் கேபிள் டை
இழுத்துக் கட்டியிருந்தது.
அவசரத்தில் வாலை வெட்ட மறந்திருந்தேன்.

செலாயாங் சந்தை, விடியாத நான்கு மணி,
கடைக்கு இரண்டு மூட்டை வெங்காயம்,
ஓர் இரும்புத் தூண்.
முந்தின வாரம் அது அங்கே இல்லை என்று
எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அந்த வாலை அவள் விரலால் சுண்டினாள்.
சமையலறை இழுப்பறையில் இருக்கும் பாக்கெட்
அவள் வாங்கியது. நூறு இருந்தது.
"லைட்," என்றாள்.
அவ்வளவுதான்.

அறுந்த நீலக் கம்பியைப் பல்லால் உரித்தாள்,
முறுக்கினாள், ஈயம் வைத்தாள்.
ஒரு துளி சொட்டிப் பாயில் கருகிய வாசம்
வெகுநேரம் நின்றது, நாங்கள் பேசாததால்
இன்னும் கொஞ்சம் அதிகமாக.

சாவி திருப்பினேன்.
மைனஸ் முப்பது.

"உடனே நம்பாது. ஓட்டணும்."
பக்கத்து இருக்கையில் ஏறி
பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

கெந்திங் கிளாங் சாலை, இரண்டாவது விளக்கில்
மைனஸ் பதினொன்று.
டுரியான் லாரிக்குப் பின்னால் பூஜ்யம்.
கல்லூரிப் பிள்ளைகள் சாலை கடந்து முடிப்பதற்குள்
நான்கு, ஏழு,
டக் என்று கம்ப்ரஸர் விழித்தது.
முதல் காற்றில் பழைய ஈரத்தின் நாற்றம்.
அந்த ஊரில் வசந்தம் இப்படித்தான் வருமோ என்னவோ,
புழுங்கிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக.

பத்தொன்பதில் சொன்னேன்.
தூணை, வெங்காயத்தை, நான்கு மணியை.

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"வால வெட்டியிருக்கலாம்," என்றாள். "குத்துது."
உள்ளங்கையில் சிவப்பாய் ஒரு கீறல்.

முப்பத்து நான்கு, என்றது கார்.

தன் பக்கத்துக் காற்றுவாயை அவள்
என் பக்கம் திருப்பினாளா, மூடினாளா,
சிக்னல் பச்சையாகிவிட்டது,
பார்க்கவில்லை.